குழிப்பணியாரக் கல்லில் தொடங்கலாம்

சிறப்புத் தேவையுள்ள இளைஞர்களுக்குச் சமையல் வகுப்பு என்று எங்கே நடந்தாலும் பெரும்பாலும் மூன்றே பதார்த்தங்களைப் பார்க்கிறேன்: வெள்ளரிக்காய் வைத்த சாண்ட்விச், எலுமிச்சைச் சாறு, நறுக்கிய பழக் கலவை. தீ வேண்டாம், பயம் வேண்டாம், புகைப்படமும் நன்றாக வரும். ஆனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ எந்த வீட்டில் ராத்திரிப் பலகாரத்துக்கு சாண்ட்விச் வைக்கிறார்கள்? மையத்தில் பழகியதை வீட்டில் யாரும் செய்யச் சொல்வதில்லை. செய்யச் சொல்லாத வேலை சில வாரங்களில் கையை விட்டுப் போய்விடுகிறது. பிறகு, "எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் இவனுக்கு நிற்காது" என்று பழியைப் பிள்ளை மேல் போட்டுவிடுகிறோம்.

நான் இந்தப் பகுதியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக) வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு, ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும்), கற்றல் குறைபாடு என்று பலவகையினர் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதைத் தாண்டியதும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டில் வாரத்தில் அதிகம் செய்வது என்ன?" என்பதுதான். பாடத்திட்டம் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். (இதில் வரும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே நுணுக்கம், கைப்பக்குவம், நம் பிள்ளைகளுக்கு எட்டாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அடுப்படியில் தொங்கும் சாமான்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இடியாப்ப உரல், தேன்குழல் அச்சு, குழிப்பணியாரக் கல், உழக்கு, ஆழாக்கு. அளவையும் வடிவத்தையும் சமைப்பவர் தலையிலிருந்து இறக்கிப் பாத்திரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு நம் ஆச்சிமார் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். எண் தெரியாதவரும் கண்ணால் பார்த்துச் சரியாகச் செய்துவிடக்கூடிய அளவு இது. கிராம் கணக்கில் எழுதிய எந்தக் குறிப்பையும்விட எங்கள் வேலைக்கு இது உதவுகிறது.

உப்பிலும் காரத்திலும்தான் சிக்கல். அங்கே "தேவைக்கு" என்று விட்டுவிடுகிறோம். அதற்கும் ஒரு வழி செய்யலாம். உப்பு ஜாடியில் ஒரே ஒரு சின்னக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வேறு கரண்டி அதற்குள் போகக் கூடாது. இவ்வளவு மாவுக்கு இத்தனை கரண்டி என்று ஒரு முறை நீங்கள் ருசி பார்த்து முடிவு செய்துவிட்டால் போதும்.

அடுப்பு வேலைக்கு நான் முதலில் எடுப்பது குழிப்பணியாரம். இட்லி மாவு மிச்சம் இல்லாத வீடு இல்லை. எண்ணெய் கொஞ்சம், ஆபத்தும் குறைவு. ஏழு குழி என்றால் ஏழு இடம். எங்கே ஊற்றியாயிற்று, எங்கே பாக்கி என்று கல்லே காட்டிவிடும்.

ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞர். ஊற்றுவதில் தவறே இல்லை. ஒவ்வொரு குழியிலும் முக்கால் அளவு அச்சடித்ததுபோல நிற்கும். திருப்பும்போதுதான் தடுமாற்றம். தனக்குக் கிட்டே இருக்கும் குழியில் தொடங்குவார், முதலில் ஊற்றியது எதிர்ப்புறத்தில் கருகும். திட்டினால் கம்பியை வைத்துவிட்டுப் போய்விடுவார். கல்லின் கைப்பிடியை அடையாளமாக வைத்தோம். கைப்பிடிக்குப் பக்கத்துக் குழியில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் பக்கமாக ஒரு சுற்று, நடுக்குழி கடைசி. எண்ணெய் தடவுவது, ஊற்றுவது, திருப்புவது, எடுப்பது எல்லாம் இதே வரிசை. வரிசை நிலைத்ததும் கருகல் நின்றது. "பொன்னிறமாக" என்பதற்கும் ஒரு அட்டை செய்தோம். அவர் வீட்டுக் கல்லில் வெந்த பணியாரங்களையே மூன்று படம் எடுத்தோம்: வெளுத்தது, சரியானது, கருகியது. நடுப்படத்துக்கு மட்டும் பச்சைக் கட்டம். அடுப்புக்கு மேல் சுவரில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு.

படம் என்றால் வலையிலிருந்து இறக்கிய கார்ட்டூன் வேண்டாம். உங்கள் கரண்டி, உங்கள் மேடை, உங்கள் எவர்சில்வர் டப்பா. நீல மூடி போட்ட டப்பாவைப் படத்தில் காட்டிவிட்டு, அலமாரியில் சிவப்பு மூடியை வைத்தால் சிலருக்கு அந்த இடத்திலேயே வேலை நின்றுவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். பெரும்பாலான அம்மாக்கள் முதல் படியைப் பிள்ளையிடம் கொடுப்பார்கள்: "பருப்பைக் கழுவிக் கொடு, போதும், நீ போ." பருப்பு என்ன ஆயிற்று என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே வராது. நாங்கள் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருகிறோம். மாவுருண்டை இதற்கு மிகவும் தோதானது. பாசிப்பருப்பை வறுத்து, அரைத்து, சலித்து, பொடித்த சர்க்கரை கலந்து, நெய்யைக் காய்ச்சி ஊற்றுவது வரை பெரியவர் வேலை. உருண்டை பிடித்து டப்பாவில் அடுக்குவது மட்டும் பிள்ளையின் வேலை. அது கைவந்த பிறகு சர்க்கரை கலப்பது, அதன் பிறகு சலிப்பது, அரைப்பது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம். வறுப்பதும் நெய் ஊற்றுவதும் இறுதியில். இந்த முறையில் முதல் நாளிலேயே வேலை பிள்ளையின் கையில் முடிகிறது. முடிந்ததும் வாயில் இனிப்பு. நெய் ஊற்றிய சூட்டிலேயே பிடிக்க ஆச்சிமார் கைக்குத்தான் பழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பு வரும்வரை பொறுங்கள். அதற்குள் மாவு உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி வெதுவெதுப்பான நெய் விட்டால் சரியாகிவிடும்.

ஒரு பெண் நெய் பிசுக்கில் கை வைக்கவே மாட்டாள். தொட்டால் உடம்பெல்லாம் கூசும். இது பிடிவாதம் கிடையாது. தொடு உணர்வு அவளுக்கு அவ்வளவு தீவிரம். ஐஸ்கிரீம் எடுக்கும் கரண்டியைக் கொடுத்தோம், அழுத்தி அழுத்தி அழகாக எடுத்து வைத்தாள். "கையால் பிடித்தால்தானே அம்மா அது மாவுருண்டை?" என்று அவளுடைய அப்பத்தா கேட்டார். கேட்டுக்கொண்டே மூன்றைச் சாப்பிட்டார்.

காதும் மூக்கும் இதைவிடப் பெரிய தடை. மிளகாய் வறுக்கும் நெடி, கடுகு வெடிப்பது, மிக்ஸி, குக்கர் விசில். மசாலா வறுத்து அரைக்கும் நாளில் புதிதாக ஒரு பிள்ளையை அடுப்படிக்குள் அழைத்து வராதீர்கள். மிக்ஸியின் சுவிட்சைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். எப்போது சத்தம் வரும் என்பது தன் கையில் இருந்தால் அதே சத்தத்தைப் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்காதவருக்குக் காது மூடி. விசில் எண்ணுவது என்னைக் கேட்டால் எல்லாருக்குமே மோசமான முறை. மின்சார ரைஸ் குக்கர் தானாக நின்றுவிடும், சத்தமும் இல்லை. மாறாக, அம்மியில் அரைக்கக் கேட்டு வாங்கும் பிள்ளைகளும் உண்டு. கனமான ஒன்றைத் தள்ளி இழுக்கும் வேலை அவர்களைச் சாந்தப்படுத்துகிறது. அம்மியைப் பின்கட்டில் போட்டு வைத்திருப்பவர்கள் வெளியே எடுக்கலாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை சற்றுத் தளர்ந்திருக்கும், விரல்களும் குட்டை. தடித்த கைப்பிடி, பாத்திரத்துக்கு அடியில் நழுவாத ஈரத்துணி, முழங்கை ஊன்றுகிற உயரத்தில் மேஜை, இவை போதும். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு வேலை நன்றாகத் தெரியும், ஆனால் பால் பொங்கும்போது அவர் முகப்பில் (வீட்டின் முன்பகுதியில்) பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். டைமரை மேடையில் வைக்காதீர்கள், கழுத்தில் மாட்டுங்கள். எழுத்துக் கூட்ட முடியாதவருக்கு அம்மாவின் குரலிலேயே ஒவ்வொரு படியையும் செல்போனில் தனித்தனியாகப் பதிந்து கொடுத்தால் ஆயிற்று.

இத்தனைக்கும் மேல், கற்றுக்கொடுப்பவர் வாய். எதிரே நின்று, "கரண்டியை எடு, அதில்லை, அந்தப் பக்கம், மெதுவாக, ஊற்று" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை கல்லைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். நீங்கள் சொல்லாத வரை அடுத்த வேலை நடக்காது. கை பிடித்துச் செய்த உதவியைக்கூடப் படிப்படியாகக் குறைத்துவிடலாம். வாயால் சொல்லிப் பழக்கிய உதவியை விலக்குவது பெரும்பாடு. பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நில்லுங்கள். அட்டையில் அடுத்த படத்தை விரலால் காட்டுங்கள். பத்து எண்ணும்வரை பொறுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கை அம்மாக்களுக்குப் பெரிய வேதனை, எனக்குத் தெரியும்.

இனி வீடு. பழைய வீடுகளில் அடுப்படி இரண்டாம் கட்டுக்கு (முற்றத்தோடு கூடிய இரண்டாவது பகுதிக்கு) அப்பால், வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. கொதிக்கிற குழம்போடு அதைத் தாண்டச் சொல்வது ஆபத்து. ஆத்தங்குடி ஓடு பதித்த தரை பார்க்க அழகு, எண்ணெயோ தண்ணீரோ பட்டால் வழுக்கும். பிள்ளை சமைக்கும் இடத்திலேயே சாப்பாட்டு மேஜையும் இருக்கட்டும், சூட்டோடு நடக்கும் தூரம் இல்லாமல் போகட்டும். காஸைவிட இண்டக்‌ஷன் அடுப்பையே நான் சிபாரிசு செய்கிறேன்: தீ நாக்கு இல்லை, நேரம் வைத்தால் தானாக நிற்கும், பாத்திரத்தை எடுத்தால் பெரும்பாலான அடுப்புகள் அணைந்துவிடும். ஆனால் பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் சிறிது நேரம் தங்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. அலுமினியப் பணியாரக் கல் உதவாது. அடி தட்டையான இரும்புக் கல்லாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. வலிப்பு வரக்கூடிய பிள்ளை தனியாக அடுப்பு முன் நிற்கக் கூடாது. கொதிநீரைத் தூக்கக் கூடாது. மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். சிலர் சுட்டுக்கொண்டாலும் சொல்ல மாட்டார்கள், வலியை வெளிக்காட்டும் விதம் வேறு. வேலை முடிந்ததும் இரண்டு கைகளையும் பார்த்துவிடுங்கள். சுட்டுக்கொண்டால் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். பெரிய கொப்புளமோ முகத்தில் காயமோ என்றால் 108.

"ஆண் பிள்ளைக்கு அடுப்படி எதற்கு?" என்று இன்னும் கேட்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணங்களில் கோட்டை அடுப்பு (பந்திச் சமையலுக்கான பெரிய அடுப்பு) முன் நிற்பது யார் என்று திருப்பிக் கேட்பேன். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

முடியாத பேச்சு ஒன்று உண்டு: "எங்களுக்குப் பிறகு?" மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் வயதான பெற்றோரும் ஒரு மகனும் மட்டும் என்ற நிலை இங்கே நிறைய. சட்ட வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. மட்டும் தனியாக இல்லை. ஆனால் பாதுகாவலர் சென்னையில் இருப்பார். ராத்திரி எட்டு மணிக்கு மகனுக்குப் பசிக்கும். நான்கு பதார்த்தம் தெரிந்த மகனோடு தங்கிக்கொள்ள முன்வரும் சொந்தக்காரர் கிடைப்பது சற்று எளிது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எப்போது தனியாக விடலாம் என்று கேட்பவர்களுக்கு: அட்டையைப் பார்த்து, உங்கள் குரல் இல்லாமல், முதல் படி முதல் அடுப்பை அணைப்பது வரை செய்ய வேண்டும். மின்சாரம் போனாலோ மாவு கொட்டினாலோ என்ன செய்வது என்பதையும் நடித்துப் பழகியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சியை அழைக்கச் செல்போனில் ஒரே பொத்தான் வைத்திருக்க வேண்டும். முதலில் நீங்கள் வளவில் (உள்முற்றத்தில்) உட்காருங்கள், பிறகு முகப்பில், பிறகு தெருமுனைக் கடை வரை போய் வாருங்கள். பணியாரம், ரைஸ் குக்கர் சாதம், உப்புமா வரை இப்படி விடலாம். தேன்குழலும் வெள்ளைப் பணியாரமும் கொதிக்கிற எண்ணெய் வேலை. எவ்வளவு தேர்ந்த பிள்ளையானாலும் அதற்கு மட்டும் பக்கத்தில் ஒருவர் இருங்கள்.