உள்ளான் நிறைய இருக்கிறது, அப்புறம் எதற்கு ரத்தம் எடுக்கிறோம்?

மலேசியாவின் காப்பார் தோட்டப்புறத்தில் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சாம்பல் குளத்துப் பக்கம்தான் இவ்வளவு உள்ளான் இருக்கே சார், அதைப் பிடிச்சு ஏன் ஊசி போடறீங்க?"

நியாயமான கேள்விதான். கடல் ஏறும் நேரத்தில் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் உள்ளான் என்னும் இந்தக் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து ஒதுங்குகின்றன. தலையை எண்ணினால் இன்றைக்கு எத்தனை என்பது தெரியும். இட்ட முட்டை பொரியுமா, குஞ்சு தங்குமா என்பது தெரியாது. அதற்குத்தான் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதியோடு இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு எடுக்கிறோம். பறவைகளின் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் மரபணுவைப் பார்க்க அந்த ஒரு சொட்டே போதும்.

மரபணு வேறுபாடு ஏன் வேண்டும் என்பதைச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போடுபவர்களுக்கு விளக்குவது சுலபம். நம் டெலி டூரா என்ற செம்பனை வம்சம் முழுக்க 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட 4 மரங்களிலிருந்து வந்தது. வம்சம் இவ்வளவு குறுகலாக இருந்ததால், 1973-இல் நைஜீரியா வரை போய் புது விதை சேகரிக்க வேண்டியிருந்தது. பறவைக்கு அப்படி யாரும் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை.

தென்மேற்கு சுவீடனில் கருவயிற்று உள்ளானுக்கும் வம்சம் அப்படித்தான் குறுகியது. கூட்டம் சுருங்கச் சுருங்க, சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்தன. மரபணு ஒத்துப்போன ஜோடிகளின் முட்டைகள் குறைவாகவே பொரிந்தன. கரு முட்டைக்குள்ளேயே இறந்தது. 2010-இல் வெளிவந்த ஆய்வு இது. காரணம் எளிது: குறையுள்ள ஒரே மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால், மறைந்திருந்த குறை வெளியே வந்துவிடும். ("நாங்க மாமன் மகளைத்தானே கட்டினோம்" என்று சிரிப்பவர்களுக்கு: ஒரு தலைமுறையில் நடப்பது வேறு, வெளி ரத்தமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடப்பது வேறு.)

சரி, வேறுபாடு இருந்தாலே நல்லதா? அப்படியும் சொல்ல முடியாது. ரஃப் என்ற உள்ளானில் சில ஆண்கள் பெண்ணைப் போலவே தோற்றம் கொண்டு, சண்டையில்லாமல் ஜோடி சேர்ந்துவிடும். ஒரு குரோமோசோம் துண்டு ஏறக்குறைய 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தலைகீழாகத் திரும்பியதால் வந்த விளைவு. ஒரு பிரதி இருந்தால் அந்தத் தந்திரம் கைவரும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அதே பிரதி வந்துவிட்டால் உயிரே தங்காது. எனக்கு இதைவிட வியப்பான பறவைக்கதை கிடையாது.

நம் கரைக்கு வரும் நோர்ட்மன் பச்சைக்காலி என்ற கரைப்பறவை உலகம் முழுக்கச் சேர்த்தே ஓரிரு ஆயிரம்தான் இருக்கும். முட்டையிடுவது ரஷ்யாவின் தூரக் கிழக்கில். ஆனால் அங்கே திரும்பிப் போவது எத்தனை என்பதை நம் சேற்றுநிலமும் தீர்மானிக்கிறது. வலையில் பத்து போனால் பத்து தலை மட்டும் போவதில்லை. வேறெந்தப் பறவையிடமும் இல்லாத மரபணுக்கூறுகளும் அதோடு போகலாம்.

ஆகவே சேற்றிலோ வரப்பிலோ செத்த உள்ளானைக் கண்டு, அதன் காலில் வளையமோ நிறக்கொடியோ இருந்தால் கழற்றாதீர்கள். எழுத்தும் எண்ணும் தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்.