ஐசியு நோயாளியை அவசரமாக வெளியேற்றினால்: மும்பையில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை

2021 ஏப்ரல் 23 அதிகாலையில் மும்பைக்கு அருகே விராரில் ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் தீப்பிடித்தது. கட்டடத்தில் சுமார் 90 நோயாளிகள் இருந்தார்கள். அன்று இறந்த 13 பேரும் ஐசியுவில் இருந்தவர்கள். நடக்க முடிந்தவர் ஓடிவிடுவார். வெண்டிலேட்டரில் இருப்பவரை யாராவது தூக்கிப் போனால்தான் உண்டு.

சட்டத்துக்குக் குறைவில்லை. மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டம் 2006இன்படி கட்டட உரிமையாளரோ அதைப் பயன்படுத்துபவரோ ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தீத்தடுப்பு ஏற்பாடுகள் நல்ல நிலையில் உள்ளன என்று ‘படிவம் பி’ சான்றிதழைத் தீயணைப்புத் துறைக்குத் தர வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2016 வழிகாட்டுதல், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேரிடர்த் திட்டம் வேண்டும் என்கிறது. வழிகாட்டுதல்தான், மீறினால் யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள்.

கவுன்டரில் கேட்டால் “ஃபயர் என்ஓசி இருக்கு” என்பார்கள், அதாவது தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. இதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். என்ஓசி கட்டடத்துக்கு எப்போதோ வாங்கியது. குழாய், மணி, படிக்கட்டு பற்றிப் பேசும். ஏழாம் எண் படுக்கையில் இருக்கும் உங்கள் அப்பாவை யார் தூக்குவார்கள் என்று அதில் இருக்காது. நடப்பு அரையாண்டின் படிவம் பி எங்கே என்று கேளுங்கள்.

மற்ற கேள்விகளை கவுன்டரை விட்டுவிட்டு ஐசியு சிஸ்டரிடம் கேளுங்கள், உண்மை அங்கேதான் வரும். மாடியிலேயே நிரப்பிய சிறிய ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருக்கின்றனவா? வெண்டிலேட்டரைக் கழற்றினால் ஆம்பு பையை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்த இரவில் எத்தனை பேர் இருப்பார்கள்? எந்தக் கதவு வழியாகப் போவார்கள்? ஐசியு நோயாளியை எடுத்த எடுப்பில் படிக்கட்டில் இறக்கக் கூடாது. அதே மாடியில் தீ தாங்கும் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு முதலில் நகர்த்த வேண்டும், தேவைப்பட்டால்தான் கீழே. அந்தக் கதவு பூட்டியிருக்கிறதா, பழைய கட்டில்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

படிவம் பி காட்ட மறுத்தால் அலைச்சல் ஆரம்பம். தனியார் மருத்துவமனைகளின் ‘நர்சிங் ஹோம்’ பதிவு மாநகராட்சி வார்டு ஆபீஸில் உள்ள சுகாதார அதிகாரி கையில். தாராவிக்காரர்களுக்கு அது ஜி நார்த் வார்டு. அங்கே போனால் “தீயணைப்புத் துறையைக் கேளுங்கள்” என்பார்கள், தீயணைப்புத் துறை “வார்டைக் கேளுங்கள்” என்னும். இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது, பிரிவு 7(1)படி 48 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று மேலேயே எழுதிவிடுங்கள். “மூன்றாம் தரப்பு ஆவணம்” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். சட்டப்படி அரசிடம் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழ் வியாபார ரகசியம் ஆகாது என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

சரி, வெளியேற்றும் நேரமே வந்துவிட்டது. தீதான் என்றில்லை, ஆக்சிஜன் தீர்ந்தாலும் தண்ணீர் புகுந்தாலும் இதே கதைதான். 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் பற்றாக்குறை வந்தபோது மாநகராட்சி ஒரே இரவில் 6 மருத்துவமனைகளிலிருந்து 168 நோயாளிகளை இடம் மாற்றியது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆக, முடியாத காரியம் இல்லை.

அந்தக் களேபரத்தில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அது ‘டாமா’ படிவமா என்று பாருங்கள். மருத்துவர் சொல்லை மீறி நாங்களே கூட்டிப் போகிறோம் என்று அதற்குப் பொருள். போட்டுவிட்டால் நாளைக்குக் காப்பீட்டிலும் நஷ்ட ஈட்டிலும் அதையே காட்டுவார்கள். “மருத்துவமனை வெளியேற்றுகிறது” என்று கைப்பட எழுதாமல் கையெழுத்து வேண்டாம். மாற்றச் சுருக்கமும் (நோயாளியின் நிலை, தந்த சிகிச்சை பற்றிய குறிப்பு) மருந்துச் சீட்டும் நோயாளியோடு போக வேண்டும். முழுக் கோப்பை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி.

108 இலவசம்தான். ஆனால் அதில் வெறும் அடிப்படை வண்டிகளே அதிகம். “வெண்டிலேட்டர் உள்ள வண்டி” என்று சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி டெபாசிட். அறக்கட்டளை மருத்துவமனை என்றால் அவசர நோயாளியிடம் டெபாசிட் கேட்கவே கூடாது. உடனே சேர்த்து, நிலை சீராகும் வரை உயிர்காக்கும் சிகிச்சை தந்து, தேவையானால் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம் இது. நம் ஆட்கள் பலர் திருநெல்வேலி ரேஷன் கார்டோடு நின்று “இது செல்லாது” என்றதும் திரும்பிவிடுகிறார்கள். கார்டும் வருமானச் சான்றும் பில் சலுகைக்குத்தான், அவசரச் சேர்க்கைக்கு அல்ல. மறுத்தால் மறுத்தவர் பெயர், நேரம் குறித்துக்கொண்டு வொர்லியில் உள்ள அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

உயிர் போய்விட்டால் உடலைச் சீக்கிரம் எடுத்துப் போகச் சொல்வார்கள். மரணச் சான்றில் பழைய நோயின் பெயர் மட்டும் இருக்கலாம். மும்பை பாண்டுப்பில் ஒரு மாலுக்குள் இருந்த மருத்துவமனையில் தீப்பிடித்தபோதும் (2021 மார்ச்) இறந்தவர்களில் இருவர் தீக்கு முன்பே கோவிட்டால் இறந்தவர்கள் என்று மருத்துவமனை சொன்னது. தகனத்துக்கு முன் போலீஸில் பஞ்சநாமாவும் (சாட்சிகள் முன் எழுதும் விசாரணைக் குறிப்பு) பிரேதப் பரிசோதனையும் கேளுங்கள். அரசு உதவித்தொகை இறந்தோர் பட்டியலைப் பார்த்துத்தான் வரும். பெயர் விடுபட்டிருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். “நாளைக்கு வாங்க” என்றால், இன்றைய தேதியில் இன்வர்டு எண் (மனு பெற்றதற்கான பதிவு எண்) வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.