கல்யாணத் தேதி முடிவானதும் சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள்

திருமணப் படம் எடுக்க அழைப்பவர்களில் பலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பின்னால் தாழ்ந்த சூரியன், கூந்தலின் ஓரத்தில் பொன்னிறக் கோடு, முகத்தில் கடுமையே இல்லாத வெளிச்சம். "எங்களுக்கும் இப்படி வேண்டும்" என்பார்கள். நான் உடனே கேட்பது, திருமணம் எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்றுதான். அந்தப் படத்தில் கேமராவின் பங்கைவிட அந்த நாளின் சூரியனுடைய பங்கு பெரியது. உங்கள் தேதியில், உங்கள் இடத்தில் அந்த ஒளி எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் நிகழ்ச்சி நிரலை எழுத வேண்டும். பெரும்பாலும் நிரலை எழுதி, அழைப்பிதழும் அச்சடித்த பிறகே இந்தப் பேச்சு வருகிறது. அப்போது என்னால் செய்ய முடிவது குறைந்துபோகிறது, அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சூரியன் உச்சியில் இருக்கும்போது கண்குழியிலும் மூக்குக்கு அடியிலும் நிழல் விழும், வெள்ளை உடை வெளிறிப்போகும். அடிவானத்துக்கு இறங்கிவிட்டால் கதை வேறு. உச்சியிலிருந்து வரும்போது கடப்பதைப் போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றை அந்த ஒளி கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன. சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 6 டிகிரிக்கு வந்ததிலிருந்து, மறைந்து 4 டிகிரி கீழே போகும் வரையான நேரத்தைத்தான் கோல்டன் ஹவர் என்கிறோம். எல்லா ஊரிலும் அது ஒரே அளவு நீடிப்பதில்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். மணிக்கு 15 டிகிரி வேகத்தில், அடிவானத்தைத் தொடும் வரையான அந்த 6 டிகிரியைக் கடக்க 24 நிமிடம் போதும். லண்டன் மாதிரி வடக்கே இருக்கும் ஊரில் அது சாய்வாக இறங்குவதால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதே தூரத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஜூனிலும் டிசம்பரிலும் இன்னும் கூடும். மறையும் நேரமும் அப்படித்தான். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க மாலை 7 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. லண்டனில் ஜூன் கடைசியில் இரவு 9.20, டிசம்பர் நடுவிலோ பிற்பகல் 3.50. ஜூன் திருமணத்தில் மணமக்கள் விருந்தின் நடுவே எழுந்து வெளியே வர வேண்டியிருக்கும். டிசம்பரில் சடங்கை 3 மணிக்கு வைத்தால், முடித்து வெளியே வரும்போது வெளிச்சமே மிஞ்சியிருக்காது. நிலநடுக்கோட்டுப் பக்கம் நேரம் பெரிதாக மாறாது என்று நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அங்கே நேரம் குறுகியது. கால் மணி நேரத் தாமதம் நல்ல வெளிச்சத்தின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும்.

நேரத்தையாவது சிலர் பார்க்கிறார்கள், திசையை யாரும் பார்ப்பதில்லை. சூரியன் நேர் மேற்கில் மறைவது மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய தேதிகளை ஒட்டிய சில நாட்களில்தான். ஜூனில் வடமேற்குப் பக்கம் போய்விடும், டிசம்பரில் தென்மேற்குப் பக்கம். நிலநடுக்கோட்டிலேயே இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் 47 டிகிரி விலகல் இருக்கிறது, லண்டனில் அது 80 டிகிரி அளவுக்குப் போகிறது. ஜூன் மாதம் ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போகிறீர்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே, நீர்ப்பரப்பின் மேல் சூரியன் இறங்குகிறது. மனம் நிறைந்து முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். திருமணம் டிசம்பரில். அன்றைக்குச் சூரியன் கட்டடத்தின் பின்னால் போய்விட, அந்த மரங்களும் நீரும் வெகு நேரம் முன்பே நிழலில் கிடக்கும். இந்த ஏமாற்றத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவிர்ப்பது மிகவும் சுலபம் என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். போட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகளில் தேதியையும் இடத்தையும் கொடுத்தால், அன்று சூரியன் போகும் பாதையையே காட்டிவிடும்.

செயலி காட்டும் நேரம் திறந்த அடிவானத்துக்கு உரியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மேற்கே மலையோ உயரமான கட்டடமோ இருந்தால் சூரியன் அதற்கு முன்பே மறைந்துவிடும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள், அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. மலை ஒரு முஷ்டி உயரம் என்றால் நிலநடுக்கோட்டுப் பக்கம் 40 நிமிடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம், லண்டனில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றிவைக்கும் நாடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். செப்டம்பரில் இடம் பார்த்துவிட்டு நவம்பரில் திருமணம் வைப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

காலையில் திருமணம் என்றால் இதே கணக்கைக் கிழக்குப் பக்கம் போடுங்கள். கடற்கரை கிழக்கு நோக்கியிருந்தால் கடலில் சூரியன் மறையாது, உதிக்கும்! ஆனாலும் மாலையில் தெளிவான வானமாக இருந்தால், சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்தில் ஓர் இளஞ்சிவப்புப் பட்டை எழும். அதற்கு அடியில் நீலச்சாம்பல் நிறத்தில் தெரிவது பூமியின் நிழல். அந்தப் பின்னணி எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, அந்தப் பருவத்தின் வானம் எப்படி இருக்கும்? வறண்ட மாதங்களில் புழுதியும் புகைமூட்டமும் சேர்ந்தால், சூரியன் மறைவதற்கு முன்பே மங்கிய சிவப்புத் தட்டாகிவிடும். முகத்துக்கு வர வேண்டிய வலுவான பக்க ஒளி கிடைக்காது. அப்படிப்பட்ட காலத்தில் படமெடுப்பதைச் சற்று முன்னதாகவே தொடங்கிவிடுவேன். மழை பெய்து ஓய்ந்த மாலையில் காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், அப்போது நிறங்கள் அழுத்தமாக வரும். முழு மேகமூட்டம் என்றால் பொன்னிறம் கிடையாது, அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆனால் அந்த மெல்லிய, நிழலற்ற ஒளியில் குடும்பப் படங்கள் அருமையாக அமையும். வானம் தரும் ஒளிக்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் மனம் மணமக்களுக்கும் இருந்தால் நல்லது.

நிரல் எழுதும்போது சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். மறைவதற்கு முந்தைய 25 நிமிடத்தை மணமக்கள் இருவருக்கு மட்டும் ஒதுக்குங்கள். பெரிய குடும்பப் படங்களை அதற்கு முன்பே, கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்தில் முடித்துவிடலாம். அங்கே யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். பொன்னொளி நேரத்தில் முப்பது உறவினர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தால் அந்த ஒளி வீணாகிவிடும். ஒப்பனை, வண்டி, சடங்கு என்று எதிலாவது தாமதம் வரத்தான் செய்யும், அதனால் அரை மணி நேரம் உபரியாக வையுங்கள். அப்புறம், நேரம் வந்ததும் மணமக்களைக் கூட்டத்திலிருந்து அன்பாகக் கூட்டிவர வீட்டில் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அந்த வேலையைப் புகைப்படக்காரர் செய்தால் விருந்தினர்களுக்குச் சங்கடமாக இருக்கும், வீட்டு மனிதர் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சூரியன் மறைந்ததும் எல்லாரும் உள்ளே ஓட வேண்டாம். உயரத்தில் மேகம் இருந்தால், சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்துத்தான் சிறந்த நிறங்கள் வரும். தெளிவான நாளில் சூரியன் மறையும்போது சுமார் 400 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே போகும்போது அது 3 லக்ஸ் அளவுக்கு விழுந்துவிடுகிறது. வானத்தின் நீலமும் மின்விளக்கின் மஞ்சளும் ஒரே படத்தில் சமமாக நிற்கும் சில நிமிடங்கள் இந்த இறக்கத்தின் நடுவில்தான் இருக்கின்றன. அதனால் தோட்டத்துச் சரவிளக்குகளை இருட்டிய பிறகு போட்டால் போதும் என்று விட்டுவிடாமல், சூரியன் மறைவதற்கு முன்பே போட்டுவிடும்படி அலங்காரம் செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.