ஆத்தங்குடித் தரைக்கு ஆசிட் ஆகாது

மதுரையை அடுத்த ஒரு புது வீட்டின் கூடத்தில், கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது நான் போய் நின்றேன். கையால் செய்த ஆத்தங்குடிப் பூக்கற்கள் பதித்த தரையெங்கும் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. கற்களின் மேல் படிந்திருந்த வெள்ளைச் சிமெண்ட் கறையைப் போக்குவதற்காக, துப்புரவுக்கு வந்திருந்தவர்கள் தண்ணீர் கலந்த ஆசிடை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கறை போயிற்று, அதனுடன் பளபளப்பும் போயிற்று. காய்ந்த பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், உப்புத்தாளைத் தொட்டது போலச் சொரசொரத்தது. வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன் அவர்கள் கழுவிய வீடுகளில் எல்லாம் விட்ரிஃபைடு டைல்ஸ்தான் பதித்திருந்தார்கள்; அங்கே அதே ஆசிட் அதே கறையைத் தரைக்கு எந்தச் சேதமும் இல்லாமல் நீக்கியிருக்கும். இது வேறு கல் என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். வீடு கட்டுபவர்களும் கொத்தனார்களும் இளைய கட்டடக் கலைஞர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விட்ரிஃபைடு டைல் என்பது களிமண்ணும் தாதுக்களும் 1,200 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் வெந்து இறுகிய பொருள். கட்டுமானப் பணியில் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைத் தொடுவதில்லை, அதன் மேல் ஒட்டியிருக்கும் சிமெண்டை மட்டுமே கரைக்கிறது. ஆத்தங்குடிக் கல்லோ சூளையைப் பார்த்ததே இல்லை. அதன் அடிப்பகுதியும் சிமெண்ட், நிறம் தாங்கிய மேற்பரப்பும் சிமெண்ட். இறுகிய சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சேர்மங்கள் அமிலம் பட்டவுடன் கரைந்துபோகின்றன, அப்போது வெளியேறும் கரியமில வாயுதான் நாம் காணும் நுரை. கறை எது, கல் எது என்று ஆசிடுக்குப் பிரித்தறியத் தெரியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே பொருள்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடிக்குப் போய் ஒரு கல் உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதலில் துடைத்துவைத்த ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சதுரமான இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவும் கொடியுமாக மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன அச்சை இறக்குகிறார்கள். வெள்ளைச் சிமெண்டுடன் ஆக்சைடு நிறங்களைக் குழைத்துத் தோசை மாவுப் பதத்தில் வைத்திருக்கும் கலவையை, சிறு கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று மெல்லத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கை நடுங்கினால் அந்தப் பூ கலங்கிவிடும். அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்பொடியைத் தூவுகிறார்கள், நிறக்கலவையில் உள்ள அதிகப்படியான நீரை அந்தப் பொடி உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியாக ஈரக்கலவையை நிரப்பிக் கரண்டியால் அழுத்தி மட்டம் செய்கிறார்கள். கல் இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவைத்து, எடுத்துக் காயவிட்டுக் கண்ணாடியைப் பிரிக்கும்போது, கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே கல்லின் முகத்தில் பதிந்திருக்கிறது. பாலிஷ் எதுவும் போடுவதில்லை. அந்த முகத்துக்கு அடியில் இருக்கும் நிற அடுக்கின் கனம் சில மில்லிமீட்டர்தான்.

சிமெண்ட் தரைக்கற்கள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில் தொடங்கிய இந்தத் தொழில் மொராக்கோ, கியூபா, வியட்நாம் என்று பரவியது. ஸ்பெயினின் பார்சலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய காசா மிலா என்ற குடியிருப்பின் தரையில் அவரே வடிவமைத்த அறுகோணச் சிமெண்ட் கற்களை இன்றும் காணலாம். அந்நாடுகளில் கல்லை எஃகு அச்சில் இட்டு ஹைட்ராலிக் அழுத்தப் பொறியால் இறுக்குகிறார்கள். ஆத்தங்குடியில் அழுத்துவது மனிதக் கை, முகம் தருவது கண்ணாடி. அதனால்தான் இதற்கு வேறெங்கும் இல்லாத மினுக்கம் கிடைக்கிறது; அதே காரணத்தால் பொறியில் இறுகிய கல்லைவிட இதில் நுண்துளைகள் கூடுதலாகவும் இருக்கின்றன. கறையை இது எளிதில் குடித்துவிடும் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஆசிடைக் கையில் எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் கல் பதிக்கும் நாளிலேயே உருவாகிவிடுகிறது. டைல்ஸ் பதித்துப் பழகியவர்கள் தரை முழுவதும் சிமெண்ட் பாலை ஊற்றி, இடுக்குகளில் இறங்கும்படி தள்ளிவிட்டு, மறுநாள் வந்து துடைப்பார்கள். கண்ணாடிபோல் மூடிய பரப்பில் அது நடக்கும். சிமெண்டின் மேல் சிமெண்ட் பால் ஓர் இரவு கிடந்தால் அது கறையாக இருப்பதில்லை, தரையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஆகவே கற்களை இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்து, இடுக்குகளில் மட்டும் கல்லின் நிறத்துக்கு ஒத்த கலவையைத் தேய்த்து, பத்துக் கல் முடிந்தால் பத்துக் கல்லையும் அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். நான் இப்போதெல்லாம் இந்த வேலைக்கென்று ஒருவரைத் தனியாக நிறுத்தச் சொல்கிறேன். ஒரு வாளி நல்ல தண்ணீரும் பழைய பருத்தி வேட்டியும்தான் அவருக்கான கருவிகள். தட்டி மட்டம் பார்ப்பதற்கு இரும்புச் சுத்தியல் கூடாது, மரக்கட்டையோ ரப்பர் சுத்தியலோ போதும். அறையின் நடுவிலிருந்து கோடு பிடித்துத் தொடங்கினால் வெட்டுக்கற்கள் சுவரோரத்தில் பார்டருக்கு அடியில் போய்விடும்; வாசலில் நுழைந்தவுடன் பாதிப் பூ கண்ணில் படாது.

மர வேலை, மின்சார வேலை, பெயிண்ட் எல்லாம் முடிந்த பின் தரையைக் கடைசியாகப் பதிப்பதே சிறந்தது. அது இயலாத இடங்களில் தரையை மூடிவைக்க நேரும். அதற்காக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தரையின் மேல் நேரடியாகப் பூசுவதையும், நனைந்த அட்டைப்பெட்டிகளை விரிப்பதையும் தவிர்க்க வேண்டும். ஈரமான அட்டையின் பழுப்புச் சாறு கல்லுக்குள் இறங்கிவிட்டால் பிறகு வெளியே வருவதில்லை. உலர்ந்த துணியை விரித்து, அதன் மேல் ஒட்டுப்பலகை போட்டு நடந்தால் போதும். தரை முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால், அடியில் உள்ள ஈரம் வெளியேற வழியின்றித் திட்டுத் திட்டாக நிறம் மாறும்.

கிரகப்பிரவேச நாளைப் பற்றி வீட்டாரிடம் தனியாகவே பேசிவிடுவேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வாசல்படியின் இருபுறமும் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதன் சாறும் அமிலம்தான். இரண்டு மணி நேரம் கழித்துப் பழத்தை எடுத்தால் அடியில் மங்கிய வட்டம் ஒன்று நிரந்தரமாக நிற்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புதுச் சிமெண்ட் கல்லிலும் சுண்ணாம்பின் காரத்தன்மை இருப்பதால், வெறும் மஞ்சள் தண்ணீர் சிந்தினால்கூட அதே சிவப்பு கல்லுக்குள் பிடித்துக்கொள்ளும். இதற்காக எந்தச் சடங்கையும் விட வேண்டியதில்லை. வாசல்படியைக் கருங்கல்லில் அமைத்துவிட்டால் எலுமிச்சம்பழமும் ஆரத்தியும் அங்கேயே நடந்துவிடும், கருங்கல் அதைத் தாங்கும். ஹோமகுண்டத்துக்கு அடியில் மணலைக் கனமாகப் பரப்பிச் செங்கல் அடுக்கினால் சூடு தரைக்கு இறங்காது.

அன்றாடப் பராமரிப்பு எளிமையானதுதான். சுத்தமான தண்ணீரில் துடைக்கலாம், அழுக்கு மிகுந்தால் காரமோ அமிலமோ இல்லாத மென்மையான சோப்புக் கரைசல் போதும். குளியலறைக்கு விற்கப்படும் கிளீனர்களில் பலவற்றில் ஆசிட் இருப்பதால் பாட்டிலின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். உப்புக்கறையை நீக்கும் என்று எழுதியிருந்தாலே அது இந்தத் தரைக்கு ஒவ்வாதது. அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீரில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பது செட்டிநாட்டு வீடுகளில் நெடுநாள் வழக்கம். எண்ணெய் நுண்துளைகளில் தங்கி நீரைத் தடுக்கிறது, வெறும் காலால் நடக்க நடக்கப் பரப்பு மெருகேறுகிறது. அளவு மிஞ்சினால் வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதில் கவனம் தேவை. இதே காரணத்தால் குளியலறையிலும் மழைச்சாரல் விழும் முற்றத்திலும் இந்தக் கல்லைப் பதிக்க நான் ஒப்புவதில்லை. புளியும் எண்ணெயும் மஞ்சளும் தினமும் சிந்தும் சமையலறையிலும் வேண்டாம் என்றே சொல்வேன், வீட்டார் ஆசைப்பட்டாலும்.

பதித்த சில வாரங்களில் மேலே வெள்ளையாக உப்புப் பூப்பதைக் கண்டு பலர் பயந்து மறுபடியும் ஆசிடைத் தேடுகிறார்கள். கல்லுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலேறி, காற்றில் உள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து உறைவதால் வரும் படலம் அது. அடியில் உள்ள கான்கிரீட்டை நன்றாகக் காயவிட்ட பின் கல் பதித்திருந்தால் இது குறையும். வந்துவிட்டால் உலர்ந்த துணியால் தேய்த்துத் தேய்த்து, ஈரம் வற்றும்வரை காத்திருக்கலாம். அதற்கு முன் அவசரப்பட்டு மேலே வார்னிஷ் போன்ற பூச்சை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூச்சு செதில் செதிலாக உரியும். பூச்சு வேண்டுமென்றால், தரை முழுதும் காய்ந்த பிறகு, கல்லுக்குள் ஊறி இறங்கும் வகையை மட்டுமே பயன்படுத்தலாம்.

ஆத்தங்குடி என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் ஆத்தங்குடி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே பூக்களை இயந்திரத்தில் அச்சடித்த விட்ரிஃபைடு டைல்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. அவற்றை அவற்றின் பெயரிலேயே விற்பதில் குற்றமில்லை, சமையலறைக்கு அவை பொருத்தமானவையும்கூட. ஆனால் கைவேலை என்று நம்பிக் காசு கொடுப்பவர் கல்லைத் திருப்பி அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். கையால் செய்த கல் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கனமும் நல்ல எடையும் கொண்டிருக்கும், விளிம்பில் நிற அடுக்கும் அதன் கீழே சாம்பல் நிறச் சிமெண்டும் தனித்தனியாகத் தெரியும். பத்துக் கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஓர் இதழ் சற்றுத் தடித்தும் இன்னொன்று சற்று மெலிந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டைக் குறை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்; அன்றைக்கு அந்தக் கல்லைச் செய்தவரின் முகம் வாடியதையும் பார்த்திருக்கிறேன். தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கற்களை அதே தொகுதியில் சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள், ஏனெனில் அடுத்த தொகுதியில் அதே பச்சை திரும்ப வராது.

மதுரை வீட்டுக் கூடத்தை அன்றே ஏராளமான தண்ணீர் விட்டுக் கழுவி, எஞ்சிய ஆசிட் அடங்குவதற்காகச் சமையல் சோடாக் கரைசல் ஊற்றி, மீண்டும் கழுவிக் காயவிட்டோம். வாசலுக்கு நேரே மிக மோசமாக அரித்திருந்த இருபத்திரண்டு கற்களைப் பெயர்த்து, மிச்சம் வைத்திருந்த கற்களைப் பதித்தோம். முழுத் தரையையும் மெஷின் பாலிஷ் செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதை ஏற்கவில்லை. சில மில்லிமீட்டர் நிறத்தில் ஒரு பகுதியை அது தின்றிருக்கும். வீட்டுக்காரரின் தாயார் மட்டும் என்னிடம், "எங்க ஆத்தா வீட்டுல இதே கல்லுல மொகம் பாக்கலாம் தம்பி, இது அப்படி வருமா?" என்று கேட்டார். கண்ணாடி கொடுத்த முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று உண்மையைச் சொன்னேன்; எண்ணெய்த் துணியும் வெறும் காலால் நடப்பதும் எவ்வளவு தருமோ அவ்வளவு வரும் என்றேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தாயார் வாரம் ஒருமுறை தாமே நின்று துடைக்க வைத்திருக்கிறார். சோபாவுக்கு அடியில் தரை இன்னும் சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கிறது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில், நாள்தோறும் கால் படும் ஒன்றரை அடி அகலத்துக்கு, சிவப்பும் பச்சையும் மங்கலான ஒரு மினுக்கத்தோடு மேலே வந்திருக்கின்றன.