நாய் ஏன் புல் தின்கிறது?

"காலையில் வாக்கிங் கூட்டிப்போனால் எங்கள் நாய் புல்லைத் தேடித் தேடித் தின்கிறது, வயிறு சரியில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வாந்தி எடுக்கத்தான் நாய் புல் தின்னும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் நாய் வளர்ப்பவர்கள் 1,500-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். 68% நாய்கள் தினமுமோ வாரா வாரமோ புல் அல்லது செடி தின்றன. தின்பதற்கு முன்பு அடிக்கடி சோர்ந்திருந்தவை 10%-க்கும் குறைவு, தின்றபின் வழக்கமாக வாந்தி எடுத்தவை 22%. அதாவது பெரும்பாலான நாய்கள் நல்ல ஆரோக்கியத்தோடுதான் புல் தின்கின்றன.

அப்புறம் எதற்கு? எங்கள் வீட்டு நாய் அருகம்புல்லைத் தின்னும்போது உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பின்பற்களால் நுனியைக் கவ்வி இழுத்து, இரண்டு கடி, உடனே விழுங்கிவிடும். மாட்டின் தாடை பக்கவாட்டில் அசைந்து அரைக்கும், நாயின் தாடை கத்தரி மாதிரி மேலும் கீழும்தான் போகும். அதனால் புல் நார் நாராகவே உள்ளே போகிறது, புல்லின் நார்ப்பொருளான செல்லுலோஸைச் செரிக்கும் நொதியும் நாய்க்குக் கிடையாது, அப்படியே சுருண்டு குடல் வழியாக நகர்கிறது. இந்த நார் குடலின் அசைவைத் தூண்டும், போகிற வழியில் புழுக்களையும் சுற்றி இழுத்துக்கொண்டு வெளியேறும் என்பது ஹார்ட்டின் கருத்து. தான்சானியாவின் மகாலே காட்டில் சிம்பன்சிகள் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து விழுங்குகின்றன, அவற்றின் சாணத்தில் முழு இலையும் அதோடு குடல்புழுவும் சேர்ந்து வந்ததை குரங்கின ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மன் கண்டிருக்கிறார்! ஓநாயின் எச்சத்திலும் புல் கிடைக்கிறது. ஆக, மாத்திரை கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த, குடல்புழுவை வெளியேற்றும் பழக்கம் இன்றும் நம் வீட்டு நாயிடம் மிச்சமிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஹார்ட் குழு செய்தது வெறும் கேள்வித்தாள் ஆய்வு, பெரிய செலவில்லை. சிப்பிப்பாறை, கோம்பை, நம் தெரு நாய்கள் என்று இங்கேயும் ஒரு கணக்கெடுக்க யாராவது பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அதட்டாதீர்கள், வாயிலிருந்து பிடுங்காதீர்கள். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த புல்வெளிப் பக்கம் மட்டும் விடாதீர்கள். வீட்டு வாசலில் அரளி இருந்தால் இன்னும் கவனம், அது இதயத்தையே பாதிக்கும் விஷம். புல் தின்கிறதே என்று குடல்புழு மருந்தை நிறுத்திவிடக் கூடாது, மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். என்றைக்கும் இல்லாமல் திடீரென்று வெறிபிடித்த மாதிரி புல் தின்றாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள். வயிறு உப்பி, எதுவும் வெளியே வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம், அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம்.