மோட்டார் இல்லாமல் சுற்றும் வெந்நீர்

சென்னையில் சோலார் வாட்டர் ஹீட்டர் சரியாகச் சூடாக்கவில்லை என்றால் வெயிலைக் குறை சொல்ல முடியாது. முதலில் பார்க்க வேண்டியது, எது எதற்கு மேலே இருக்கிறது என்பதை.

வீடுகளில் வைக்கும் சாதாரண மாடலுக்கு மோட்டார் கிடையாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் தண்ணீர் 998 கிலோ; 60 டிகிரியில் 983 கிலோ. நூற்றுக்கு ஒன்றரைதான் வித்தியாசம், ஆனால் அதுவே போதும். ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் சூடான நீர் லேசாகி, அதன் வெந்நீர்த் தொட்டிக்கு ஏறும். கனமான குளிர்நீர் இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கும். வெயில் உள்ளவரை இந்தச் சுற்று ஓயாது. தொட்டி எப்போதும் குழாய்களின் தலைமாட்டில் இருப்பது இதனால்தான்.

அந்தத் தொட்டியைவிடவும் உயரத்தில் ஓவர்ஹெட் டேங்க் இருக்க வேண்டும். பழைய அடுக்குமாடிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டேங்க் மொட்டை மாடித் தரையிலேயே இருக்கும். சோலார் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. மேடை கட்டாமல் வேலையைத் தொடங்குவது வெட்டிச் செலவு.

தொட்டியிலிருந்து ஒரு காற்றுக் குழாயும் மேலே போகும். அதன் வாய் டேங்க்கின் நீர்மட்டத்தைத் தாண்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்நீர் வழியும். வழிகிறதே என்று அதை அடைத்துவிடுபவர்களும் உண்டு; அதைவிட ஆபத்து வேறில்லை. ஆவி வெளியேற முடியாமல் தொட்டி உப்பலாம். நீர் இறங்கும்போது காற்று புகாமல் நசுங்கவும் செய்யலாம்.

கண்ணாடிக் குழாய் இரண்டடுக்கு. நடுவில் பிளாஸ்க் போல வெற்றிடம். அடிமுனையின் வெள்ளிப் பளபளப்பு வெளிறிப் பால்நிறமானால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். காலிக் குழாய் உச்சி வெயிலில் 200 டிகிரியைத் தொடும். அப்போது தண்ணீர் விட்டால் விரிசல் விடும். முதல் முறை நிரப்புவது விடியற்காலையில்தான்.

குழாய்கள் தெற்கு பார்க்க வேண்டும். சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. ஆனால் வெந்நீர் தேடுவது மார்கழி, தை மாதங்களில். அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்திருப்பதால் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட்டிச் சாய்ப்பது நல்லது. 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றினால் சுமார் 4 யூனிட் கரண்ட் மிச்சம்.

போர் தண்ணீர் என்றால் உப்புப் படியும். தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் கரைந்து காக்கும் மெக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே உண்டு; அது கரைவதை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

கீழ்த்தளத்துக்காரருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 20 மீட்டர் நீள முக்கால் இன்ச் குழாயில் சுமார் 5 லிட்டர் ஆறிய நீர் நிற்கும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அதைச் சாக்கடைக்கு விடாமல் வாளியில் பிடித்து, பின்னால் வரும் வெந்நீரோடு விளாவிக்கொள்ளலாம்.