தூக்காதீங்க, தலையைப் பிடிங்க

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும், எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் ஒரு பையன் மனைவியை மடியில் சாய்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஓசூர் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். நாங்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவனே அவளை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டான். அவள் தலை அவன் முழங்கைக்கு வெளியே தொங்கி, அவன் வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. என் பேட்ஜில் பேரைப் பார்த்துத் தமிழ் என்று தெரிந்திருக்க வேண்டும், "சிஸ்டர், ஒரு நிமிஷம்கூட வேஸ்ட் பண்ணல, விழுந்த உடனே தூக்கிட்டேன்" என்றான்.

அந்தப் பெண்ணுக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பில் ஒன்று விலகியிருந்தது. விழுந்தபோதே விலகியதா, ஆட்டோவில் ஏற்றும்போதா, எங்கள் வாசலிலா என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் அவனிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்தது, மூன்று மாதம் கழுத்தில் காலர், நடக்கிறாள், இடது கையில் மட்டும் பலம் கொஞ்சம் குறைவு. அவன் அவளைத் தூக்கி வந்த அந்தக் கோலம் மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் அது எனக்கு நன்றாகத் தெரிந்த கோலம். வாரத்துக்கு மூன்று தடவையாவது அதை நான் படிக்கிறேன்.

பெங்களூரில் பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன், அதில் பதினாலு வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவில். அதைவிட நீளமான காலமாகக் காதல் கதை வாசகி. நைட் ஷிஃப்டில் இரண்டு மணிக்குக் கிடைக்கும் இருபது நிமிஷ இடைவேளையில் போனைத் திறந்து, தொடர்கதையின் அடுத்த யூடி, அதாவது புது அத்தியாயம், வந்துவிட்டதா என்று பார்க்கிற ஆள். ராணுவ நாயகன் கதைகள் என்றால் கூடுதல் பிரியம். மேஜர், கேப்டன், கமாண்டோ. வெள்ளத்திலோ நிலச்சரிவிலோ நாயகி மாட்டியிருப்பாள், மேலே ஹெலிகாப்டர், கயிற்றில் ஒருவன் இறங்குவான், ஒரு கையால் அவளை அணைத்துத் தூக்குவான், அவள் அவன் நெஞ்சில் சாய்ந்து மயங்குவாள். அமெரிக்காவில் இது தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது, அவர்களுடைய விமானப்படையில் பாராரெஸ்க்யூ என்று ஒரு மீட்புப் பிரிவு உண்டு, அந்த வீரர்களை நாயகனாக வைத்தே தொடர் தொடராக நாவல்கள் வருகின்றன. அந்த வாசனை நம் தமிழ்க் கதைகளிலும் வீசுகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் எல்லாமும் செய்து முடித்துவிட்டு உட்காருகிற பெண்ணுக்கு, தனக்காக மட்டும் ஒருவன் வானத்திலிருந்து இறங்கி வருகிறான் என்ற நினைப்பு எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது வேண்டியிருக்கிறது.

ஆனால் இறங்கி வந்தவன் அடுத்து என்ன செய்வான் என்பதைத்தான் கதைகள் தப்பாகச் சொல்கின்றன. நிஜத்தில் அவன் உடனே தூக்க மாட்டான்.

அந்த பாராரெஸ்க்யூ எங்கே தொடங்கியது தெரியுமா? நம் நாகா மலைக்காட்டில். 1943 ஆகஸ்டில் அசாமின் சபுவா விமானத்தளத்திலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட சி-46 ரக விமானம் ஒன்று, எஞ்சின் கோளாறால் இந்திய-பர்மா எல்லைக் காட்டில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் பாராசூட்டில் குதித்துவிட்டார்கள், எரிக் செவரைட் என்ற அமெரிக்கச் செய்தியாளரும் அதில் ஒருவர். அடர்ந்த காடு, சாலை கிடையாது, சிலருக்குக் காயம். அவர்களுக்காக மேலிருந்து குதித்தது துப்பாக்கிக்காரர்கள் இல்லை, டான் ஃப்ளிக்கிஞ்சர் என்ற விமானப்படை டாக்டரும் இரண்டு மருத்துவ உதவியாளர்களும். குதித்து அங்கேயே தங்கி, காயங்களைப் பார்த்து, நடக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, எல்லோரோடும் சேர்ந்து காட்டைவிட்டு நடந்தே வெளியே வந்தார்கள். தூக்கிக்கொண்டு பறந்த கதை இல்லை இது, கூடவே இருந்த கதை. இன்றைக்கும் அந்தப் பிரிவில் ஒருவர் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு வருஷப் பயிற்சி, பாராசூட், ஆழ்நீர் நீச்சல், மலையேற்றம் எல்லாவற்றோடும் பாராமெடிக் படிப்பையும் முடித்தாக வேண்டும்.

2018 கேரள வெள்ளம் ஞாபகம் இருக்கும். ஆலுவா பக்கம் ஒரு மொட்டைமாடியிலிருந்து பனிக்குடம் உடைந்த நிறைமாத கர்ப்பிணியை நம் கடற்படை ஹெலிகாப்டர் மேலே ஏற்றிய வீடியோவைப் பார்க்காத ஆளே இருக்க முடியாது, அன்றைக்கே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. எல்லோரும் பார்த்தது அவர் கயிற்றில் மேலே போனதைத்தான். அதற்கு முன்னால் ஒரு டாக்டரை அதே கயிற்றில் கீழே இறக்கினார்கள். இந்த நிலையில் இவரை ஏற்றலாமா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஏற்றினார்கள். காதல் கதை எழுதுகிற ஒருவர் அந்த இடத்தில் நின்று எழுதினால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

நம் விமானப்படையில் 2004-இல் தொடங்கிய கருட் கமாண்டோ படை உண்டு, ஆபத்தில் மாட்டியவர்களைத் தேடி மீட்பதும் அவர்கள் வேலை. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்ட் திரிகூட மலையில் ரோப் கார் விபத்தில் மக்கள் அந்தரத்தில் மாட்டிக்கொண்டபோது, கருட் வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் தொங்கி, ஆடிக்கொண்டிருந்த பெட்டிகளுக்குள் போய், ஒவ்வொருவருக்கும் வாரைப் பொறுமையாக மாட்டி, ஒவ்வொருவராக மேலே அனுப்பினார்கள். அத்தனை ஜாக்கிரதையிலும் ஹெலிகாப்டரின் வாசல்வரை போய்விட்ட ஒருவர் தவறி விழுந்து இறந்தார். பயிற்சியும் கருவியும் உள்ளவர்கள் கையிலேயே இப்படி நடக்கும். ஒரு கையால் அணைத்தபடி மேலே போகும் நாயகனைப் படிக்கும்போது எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருவார்.

பெங்களூரில் நான் இருப்பது அல்சூரில். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் இருக்கும் இடம் என்பதால் ஏரியைச் சுற்றி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன் சாப்பர் இல்லை, வேலூர்க்காரர், ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவர், பனிமலைப் போஸ்டிங் எல்லாம் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அபார்ட்மென்ட்களில் நான் எடுக்கும் முதலுதவி வகுப்புக்குக் கூட வருவார். அந்த ஆட்டோ பையன் கதையைச் சொன்னபோது அவர் சொன்னது: "தூக்குறது கடைசி வேலை சிஸ்டர். முதல்ல பாக்கணும், அப்புறம் கட்டணும், அப்புறம் நாலு பேர் சேரணும். பதினெட்டாயிரம் அடியில ஒரு ஆளைக் கையில தூக்கிட்டுப் பத்தடி நடக்க முடியாது, மூச்சு நின்னுடும்."

வகுப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒருவரைத் திருப்பிக் காட்டுவோம். ஒருவர் படுத்திருப்பவரின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதோடு சேர்த்துத் தலையைப் பிடித்துக்கொள்வார். பக்கவாட்டில் ஒருவர் தோளில், ஒருவர் இடுப்பில், ஒருவர் முழங்காலில். தலையைப் பிடித்தவர் 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்றால்தான் மற்றவர்கள் அசையலாம், உடம்பு முழுக்க ஒரே மரக்கட்டை மாதிரி ஒன்றாகத் திரும்ப வேண்டும். காலைப் பிடித்திருப்பவர் கர்னலாகவே இருந்தாலும் கட்டளை தலையைப் பிடித்தவருடையதுதான் என்பார் அண்ணன். செய்து பார்த்த பிறகு பலரும் சொல்வது ஒன்றே, இவ்வளவு மெதுவா?

ஆமாம், இவ்வளவு மெதுவாகத்தான். நீங்கள் தனியாக இருந்தால் இன்னும் எளிது. ரோட்டில் ஒருவர் விழுந்து கிடக்கிறார், பேசுகிறார், மூச்சு விடுகிறார் என்றால் தலைமாட்டில் மண்டி போடுங்கள். தலை எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டாதீங்க என்று அவரிடம் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கும் ஒருவரைக் கைகாட்டி 108-க்கோ 112-க்கோ போன் போடச் சொல்லுங்கள், இன்னொருவரை வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், அரை மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகும். ஹெல்மெட்டை ஒற்றை ஆளாகப் பிடித்து இழுக்காதீர்கள். தீ, வெள்ளம், லாரி வரும் பாதை என்று அந்த இடமே ஆளைக் கொல்லும் என்றால் மட்டும் நகர்த்துங்கள், அப்போதும் வாரித் தூக்காமல் தோள்பக்கம் பிடித்து, தலையை உங்கள் முன்கைகளுக்கு நடுவில் தாங்கி, தரையோடு இழுத்து வாருங்கள். மூச்சே இல்லை என்றால் கழுத்தைப் பற்றிய யோசனையெல்லாம் இரண்டாம்பட்சம், நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில், ஐந்து சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்த வேண்டும். கதையில் நாலு அழுத்தில் நாயகி கண் திறப்பாள். இங்கே உங்கள் கை ஓய்ந்து அடுத்தவர் மாறி, அவர் கையும் ஓய்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் போக வேண்டியிருக்கும்.

ரத்தம் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். போர்க்களத்தில் ராணுவ மருத்துவ ஆட்கள் முதலில் பார்ப்பது பெருகும் ரத்தத்தைத்தான், மூச்சுக்கும் முன்னால். நாயகன் சட்டையைக் கிழித்துக் கையில் ஒரு முடிச்சுப் போடுவான், அத்தோடு அந்த அத்தியாயம் முடியும். துப்பட்டாவையோ கயிற்றையோ அரைகுறையாக இறுக்கினால் திரும்பிப் போகும் ரத்தம் மட்டும் தடைபட்டு உள்ளே வருவது வந்துகொண்டே இருக்கும், கசிவு அதிகமாகும். சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் இடத்திலேயே வைத்து, இரண்டு கையாலும் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்று. எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு.

அப்புறம் குளிர். பனியில் உறைந்த நாயகியைக் குகைக்குக் கொண்டுபோய்க் கையைக் காலைத் தேய்த்துவிட்டு, பிராந்தி கொடுத்து, அணைத்துக்கொள்வது எத்தனை கதையில் வந்துவிட்டது. ஈரத் துணியை மாற்றுவது சரி, கம்பளியால் சுற்றுவது சரி, அணைப்பும் ஓரளவுக்குச் சரி. தேய்ப்பதும் மதுவும் ஆபத்து. உறைந்த உடம்பைச் சூடேற்றுவதே ஒரு கண்டம், முரட்டுத்தனமாக அசைத்தாலே இதயத் துடிப்பு தடம் புரளலாம். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் பனிச்சரிவு 19-வது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்களை மூடியது, நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், ஒரு நர்சிங் அசிஸ்டென்டும் இருந்தார். மோப்ப நாய்களோடு பனியை வெட்டி வெட்டித் தேடி, ஆறாம் நாள் தார்வாட் மாவட்டத்து ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். டெல்லி ராணுவ மருத்துவமனையில் மறுநாள் வெளியிட்ட மருத்துவ அறிக்கை எனக்கு மறக்காது, உடம்பைச் சூடேற்றி, குளிர்ந்த பாகங்களுக்கு மீண்டும் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல்கள் வரும் என்று அதில் இருந்தது. 11-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். எங்கள் பிரிவில் அன்று கன்னடம், தமிழ், மலையாளம் என்று எல்லா மொழிக்காரர்களும் அழுதோம்.

அவசர அவசரமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவதற்குக் கதைகளை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். ரோட்டில் நின்றால் போலீஸ் கேள்வி கேட்கும் என்ற பயம் ஜனங்களுக்கு இன்னும் போகவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றமே உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் வந்துவிட்டது. நல்ல மனசோடு உதவினால் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது, பேரைச் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. தைரியமாக அங்கேயே இருங்கள்.

இந்த ஜூனில் ஒரு வகுப்புக்கு ஒரு பெண் வந்திருந்தார், முப்பது வயது இருக்கும், ஐடி வேலை. நோயாளியாகப் படுக்க ஆள் கேட்டபோது அவரே பாயில் படுத்தார். அண்ணன் தலைமாட்டில் மண்டியிட்டுத் தலையைப் பிடித்தார். "தலையை ஆட்டாதம்மா, நான் கேக்குறதுக்குக் கண்ணை மட்டும் சிமிட்டு, ஆமான்னா ஒரு தடவை" என்றார். பத்து நிமிஷம் அப்படியே வைத்திருந்தோம், ஆம்புலன்ஸ் வரும் நேரம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக.

எழுந்த பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தான் ஒரு ஆப்பில் ராணுவக் கதை எழுதுவதாகவும், அடுத்த வாரம் நாயகியை நாயகன் தூக்கிக்கொண்டு ஓடுவதாக எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சிஸ்டர், கீழ படுத்துப் பாத்தா அவர் முகம் தலைகீழாத் தெரியுது. நெத்தி கீழ, தாடை மேல. பத்து நிமிஷமும் அது மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார்.

அந்த யூடியை ராத்திரி இடைவேளையில் படித்தேன். நிலச்சரிவு, மழை, நாயகி சேற்றில் கிடக்கிறாள். கேப்டன் கயிற்றில் இறங்கி வந்து, அவள் தலைமாட்டில் மண்டி போடுகிறான். அத்தியாயம் முடியும்வரை அவன் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. மழைத்தண்ணீர் அவன் தாடையிலிருந்து அவள் நெற்றியில் சொட்டுகிறது, அவன் கேட்பதற்கெல்லாம் அவள் கண் சிமிட்டுகிறாள். கீழே வாசகிகள் கமென்ட் போட்டிருந்தார்கள், எப்போ தூக்குவான் என்று ஒருவர், தூக்க வேண்டாம் இப்படியே இருக்கட்டும் என்று இன்னொருவர்.